தகரச் சுவரில் பட்டுத் திரும்பிய அலை: சாட்ஸ்வொர்த் இணைப்பு ஒன்றில் ஓஎஃப்டிஎம்மும் அதன் போட்டியாளர்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். 1960-களில் நிறவெறி அரசு குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி இந்திய வம்சாவளியினரைக் கொண்டுவந்து கொட்டிய இடம். ஒரு முகட்டில் வரிசையாக வீடுகள், நடுவில் பள்ளத்தாக்கு, எதிர் முகட்டில் மறுபடி வீடுகள். இந்த முகட்டில் ஒரு கோயில் மண்டபம், அந்த முகட்டில் மாலையில் தமிழ் வகுப்பு நடக்கும் கூடம். நேர்கோட்டில் 2.3 கிலோமீட்டர். கோயிலில் நல்ல இணைய இணைப்பு இருந்தது, வகுப்பில் இல்லை. உரிமம் வாங்கத் தேவையில்லாத 5.8 கிகாஹெர்ட்ஸில், வைஃபை வழிவந்த இரண்டு வெளிப்புற ரேடியோக்களை எதிரும் புதிருமாகக் கட்டி இணைத்தோம். வைஃபையைப் போலவே இவையும் பேசுவது ஓஎஃப்டிஎம், அதாவது தரவைப் பிரித்து, கேரியர்கள் எனப்படும் பல நெருக்கமான அலைகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை. காவடி நாளில் கோயிலிலிருந்து நேரலை, மற்ற நாளில் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையம், அவ்வளவுதான் திட்டம்.

ஒரு வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு நாள் படம் உறைய ஆரம்பித்தது.

வழக்கமான சந்தேகங்களை முதலில் தீர்த்தோம். அப்போது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம், 2023, ஆறாம் நிலை என்று அறிவித்தால் ஒரு நாளில் பல தடவை கரண்ட் போகும், அதனால் எல்லாப் பழியும் முதலில் பேட்டரி மேலேதான் விழுந்தது. பேட்டரி மாற்றியாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று. கோயில் அறங்காவலர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார், "மழையும் இல்ல, காத்தும் இல்ல, இதுக்கு என்னதான் வந்துச்சு தம்பி?" என்னிடம் பதில் இல்லை. சமிக்ஞை பலம் மைனஸ் 58 டிபிஎம், முன்பு இருந்ததே. பக்கத்தில் வேறு யாரும் அதே அலைவரிசையில் இல்லை. ஆனால் முன்பு 64-க்யூஏஎம்மில் (ஒரு கேரியரில் ஒரு தடவைக்கு ஆறு பிட்) ஓடிய ரேடியோ 16-க்யூஏஎம்முக்கு (நாலு பிட்) இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பலம் குறையாமல் தரம் மட்டும் குறைகிறது என்றால் வெளியிலிருந்து வரும் இரைச்சலை விட்டுவிட்டு, சமிக்ஞை தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்களோடு ஒரு மாணவத் தம்பி சுற்றிக்கொண்டிருந்தான். டர்பனிலேயே பிறந்தவன், இதே மாலை வகுப்பில் தமிழ் படித்தவன், இப்போது மேற்படிப்பில் வயர்லெஸ். அவனிடம் ஒரு மென்பொருள் ரேடியோ பெட்டி இருந்தது, கணினி நிரல் சொல்கிறபடி எந்த அலையையும் பிடிக்கவும் அனுப்பவும் செய்யும். அதைக் கூரைக்கு ஏற்றி, வரும் சமிக்ஞையைப் பிடித்து, 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு எந்த இடத்தில் பலம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று வரைந்து பார்த்தோம். தட்டையாக இருக்க வேண்டிய கோடு சீப்பின் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 6 டெசிபெல், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 1.6 மெகாஹெர்ட்ஸ்.

இந்தச் சீப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இரண்டு பாதைகளில் வரும் அலைகள் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் கழிந்தால்தான் இந்த வடிவம் வரும், பல்லுக்குப் பல் உள்ள தூரத்தைத் தலைகீழாக்கினால் தாமதம் கிடைக்கும். 1.6 மெகாஹெர்ட்ஸின் தலைகீழ் கிட்டத்தட்ட 0.63 மைக்ரோ நொடி, அதில் ஒளி போகும் தூரம் 190 மீட்டர். ஏற்ற இறக்கத்தின் ஆழத்தை வைத்துப் பார்த்தால் எதிரொலி நேர் அலையைவிட 10 டெசிபெல் போலக் கீழே. ஆக எங்கோ ஓரிடத்தில் பட்டு, 190 மீட்டர் கூடுதலாகச் சுற்றி, இன்னொரு பிரதி வந்து சேர்கிறது. வரைபடத்தில் இரண்டு ஆன்டெனாக்களையும் குவியங்களாக வைத்து நீள்வட்டம் போட்டோம். நடுவழியில் கோட்டிலிருந்து 480 மீட்டர் போல விலகி அந்த வட்டத்தின் மேலேயே புதிதாக ஒரு கிடங்கு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முழு நீளத்துக்குத் தகரச் சுவர். கட்டி முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று கீழே ரொட்டிக்குள் கறி அடைத்து பன்னி சோ விற்கும் கடைக்காரர் சொன்னார்.

சரி, எதிரொலி வந்தால் என்ன, ஓஎஃப்டிஎம் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே எதிரொலியைச் சமாளிக்கத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல, இந்த முறை உள்ளே எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எதிரொலிக்கிற மண்டபத்தில் ஓதுவார் வேகமாகப் பாடினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி எதுவும் புரியாது. நிதானமாக இழுத்துப் பாடினால் புரியும், ஆனால் பாட்டு முடிய நேரமாகும். அந்த நேரத்தை ஈடுகட்ட ஐம்பது ஓதுவார்களை நிறுத்தி, ஆளுக்கொரு சுருதியில், ஆளுக்கொரு பாட்டை, எல்லோரையும் ஒரே நேரத்தில் நிதானமாகப் பாடச் சொன்னால் அதுதான் பலகேரியர் முறை. சுருதிகள் ஒன்றோடொன்று கலக்காதபடி கணக்காக இடைவெளி வைப்பதுதான் செங்குத்துத்தன்மை. இந்தக் கணக்கை 1966-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் எழுதினார். 1971-இல் வைன்ஸ்டைனும் ஈபர்ட்டும், நூறு அலையியற்றிகளை வரிசையாக நிறுத்த வேண்டாம், ஃபூரியர் உருமாற்றக் கணக்கு ஒன்றே எல்லாக் கேரியர்களையும் உண்டாக்கிவிடும் என்று காட்டினார்கள். 1980-இல் பெலெடும் ரூயிஸும் சைக்ளிக் ப்ரீஃபிக்ஸைச் சேர்த்தார்கள்: ஒவ்வொரு குறியீட்டின், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் அலைத்துண்டின், கடைசிப் பகுதியை நகலெடுத்து அதே குறியீட்டுக்கு முன்னால் ஒட்டுவது. அந்தாதி என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டுக்குத் தொடக்கமாகும், இங்கே ஒரு பாட்டின் கடைசி அடி அதே பாட்டுக்கு முன்னால் போய் நிற்கிறது. எதிரொலி எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்த ஒட்டுத் துண்டுக்குள் அடங்கிவிட்டால், ஒவ்வொரு கேரியருக்கும் ஒரே ஒரு பெருக்கல் போட்டு எதிரொலியின் பாதிப்பை நீக்கிவிடலாம். அதற்குள் அடங்காவிட்டால்தான் வினை.

அது எவ்வளவு நீளம் என்பதுதான் முழுக் கதையும். எங்கள் ரேடியோவின் கேரியர் இடைவெளி 312.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது குறியீடு 3.2 மைக்ரோ நொடி. முன்னால் ஒட்டும் துண்டு, அதாவது முன்னொட்டு அல்லது காப்பு இடைவெளி, வழக்கமாக 0.8 மைக்ரோ நொடி, தூரத்தில் சொன்னால் 240 மீட்டர் கூடுதல் பாதை வரை தாங்கும். குறுகிய காப்பு இடைவெளி என்று அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் 0.4, அதாவது 120 மீட்டர். அந்தப் பொத்தானைப் போட்டது நான்தான். வேகம் சுமார் 10 சதவீதம் கூடும், வழியில் ஒரு கட்டடமும் இல்லை, போடாமல் யார் விடுவார்? கட்டடம் வந்துவிட்டது.

கணக்கும் ஒத்துப்போகிறது. எதிரொலி 0.63, காப்பு 0.4, மீதி 0.23 மைக்ரோ நொடிக்கு முந்தைய குறியீடு இந்தக் குறியீட்டுக்குள் வழிகிறது. எதிரொலியின் சக்தி பத்தில் ஒரு பங்கு, வழிவது 3.2-இல் 0.23, வழிசலோடு கேரியர்கள் தங்களுக்குள் கலப்பதும் சேர்வதால் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் சமிக்ஞைக்கும் சேதத்துக்கும் வித்தியாசம் 18 டெசிபெல் சுற்றி நிற்கும். 16-க்யூஏஎம் அதில் சமாளிக்கும், வேகமான 64-க்யூஏஎம் சமாளிக்காது. ரேடியோ செய்தது ரொம்பச் சரி. அனுப்பும் திறனைக் கூட்டியிருந்தாலும் ஒரு மயிரிழைகூட மாறியிருக்காது, ஏனென்றால் எதிரொலியும் கூடவே கூடும்.

பொத்தானைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தம்பி விடவில்லை.

"அண்ணா, இது பொத்தான் பிரச்சினை இல்ல, ஓஎஃப்டிஎம்மே பழசு. முன்னொட்டு இல்லாத முறை இருக்கும்போது எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழணும்?" அவன் ஆய்வேட்டுக்கு அப்போது தலைப்பு தேடிக்கொண்டிருந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் கேள்வி நியாயமானது. எங்கள் முறையில் 4 மைக்ரோ நொடியில் 0.8 காப்புக்கே போகிறது, ஐந்தில் ஒரு பங்கு நேரம் நகலெடுத்த குப்பை. கூரையில் பிடித்த சேனலைக் கணினிக்குள் வைத்து, அதன் வழியாக ஒவ்வொரு முறையையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

முதலில் எஃப்பிஎம்சி, வடிகட்டி வரிசைப் பலகேரியர். இதில் ஒவ்வொரு கேரியருக்கும் தனித்தனியாக நீண்ட, மென்மையான வடிகட்டி. ஐரோப்பாவின் ஃபிடியாஸ் திட்டம் பிரபலமாக்கிய வடிகட்டி நான்கு குறியீட்டு நீளத்துக்குப் பரவிக் கிடக்கும், அடுத்தடுத்த குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே இருக்கும். அது குழப்பமாகாமல் இருக்க மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் அரைக் குறியீடு தள்ளித் தள்ளி அனுப்புகிறார்கள், 1967-இல் சால்ட்ஸ்பெர்க் எழுதிய யோசனை. முன்னொட்டே கிடையாது. தாளில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அப்படியே லாபம்.

எங்கள் சேனலில் அது 19 டெசிபெல் சுற்றி முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கிட்டத்தட்ட பழுதான ஓஎஃப்டிஎம் நின்ற அதே இடம்! தம்பி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காரணம் சீப்பிலேயே இருக்கிறது: பல்லுக்குப் பல் 1.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு பல்லுக்குள் ஐந்து கேரியர்தான், ஆகவே ஒரு கேரியரின் அகலத்துக்குள்ளேயே சேனல் சாய்ந்து கிடக்கிறது. முன்னொட்டு இருந்தால் அந்தச் சாய்வு தானாகவே மறைந்துவிடும், இல்லையென்றால் ஒரு பெருக்கல் போதாது, கேரியருக்குக் கேரியர் பல பெருக்கல்கள் கொண்ட சமன்செய்கருவி வேண்டும். கேரியர் இடைவெளியை நாலில் ஒன்றாக்கி ஓட்டினோம், 12 டெசிபெல் போல முன்னேறியது. அதாவது எஃப்பிஎம்சி நல்ல முறைதான், அதற்குக் கேரியர்கள் நெருக்கமாக வேண்டும்.

ஆனால் கேரியர்களை நெருக்கமாக்கினால் ஓஎஃப்டிஎம்முக்கும் அதே லாபம் கிடைக்குமே? வைஃபை 6 செய்தது இதைத்தான்: இடைவெளி 78.125 கிலோஹெர்ட்ஸ், குறியீடு 12.8 மைக்ரோ நொடி, காப்பு 0.8, 1.6, 3.2 என்று மூன்று அளவு. 13.6-இல் 0.8 போனால் இழப்பு 6 சதவீதம்தான். எல்டிஇ (4ஜி கைபேசி முறை) இன்னும் முன்னாலேயே 15 கிலோஹெர்ட்ஸில் போய் நின்றுவிட்டது, காப்பு 4.7 மைக்ரோ நொடி, 1.4 கிலோமீட்டர் சுற்றுப்பாதை வரை கவலையில்லை. தென்னாப்பிரிக்கா ஏற்றுக்கொண்ட டிவிபி-டி2 தொலைக்காட்சி முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் 32 ஆயிரம் கேரியர் அமைப்புக்குக் காப்பு 532 மைக்ரோ நொடி வரை வைக்கலாம், கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர், ஆகவே தூரத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை அனுப்பினாலும் பெட்டிக்கு அது வெறும் எதிரொலி. பழைய வைஃபையின் ஐந்தில் ஒரு பங்கு இழப்பை வைத்து ஓஎஃப்டிஎம்மைத் திட்டுவது, சின்னச் சட்டை போட்டவனைப் பார்த்துத் துணி மட்டம் என்று சொல்வது போல.

எஃப்பிஎம்சிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. கற்பனைப் பகுதியில் தங்கிவிடும் குறுக்கீட்டால், இரட்டை ஆன்டெனாவில் சாதாரணமாகப் போடும் அலமூட்டி குறியாக்கம் (ஒரே தரவை இரண்டு ஆன்டெனாவிலும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை) இங்கே அப்படியே உட்காராது. சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பினால் நீண்ட வடிகட்டியின் தலையும் வாலும் நேரத்தைத் தின்னும்.

மற்ற இரண்டு போட்டியாளர்கள், யூஎஃப்எம்சி, ஜிஎஃப்டிஎம் இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யூஎஃப்எம்சியை 2013 வாக்கில் பெல் ஆய்வக வழிவந்தவர்கள் முன்வைத்தார்கள்: கேரியருக்கு ஒன்று என்றில்லாமல் 12 கேரியர் கொண்ட கட்டுக்கு ஒரு வடிகட்டி, அதனால் வடிகட்டி குட்டையாக இருக்கும், முன்னொட்டு இருந்த இடத்தில் வடிகட்டியின் வால் நிற்கும். சின்ன எதிரொலிக்குத் தாங்கியது, எங்கள் 0.63-க்கு முறையான முன்னொட்டு அளவுக்குத் தாங்கவில்லை. தவிர ஏற்பியில் இரண்டு மடங்கு நீள ஃபூரியர் கணக்கு வேண்டும். ஜிஎஃப்டிஎம் 2009-இல் டிரெஸ்டன் ஃபெட்வைஸ் குழுவின் யோசனை: பல குறியீடுகளை ஒரே கட்டாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முன்னொட்டு. எதிரொலியைத் தாங்கியது, நேரமும் மிச்சம். ஆனால் கேரியர்கள் செங்குத்தாக இல்லை என்பதால் பிரித்தெடுக்கும்போது இரைச்சல் கூடுகிறது, ஏற்பியின் கணக்கும் கனமாகிறது. எனக்கு இந்த நாலில் ஜிஎஃப்டிஎம்மின் யோசனைதான் பிடித்திருந்தது, பிடித்திருப்பதற்கும் கூரையில் கட்டுவதற்கும் ரொம்ப தூரம்.

அப்புறம் கசிவு, அதாவது சமிக்ஞை தன் தடத்தைத் தாண்டிப் பக்கத்தில் வழிவது. எஃப்பிஎம்சிக்காரர்களின் உண்மையான பெருமை அதில்தான். ஓஎஃப்டிஎம் கேரியரின் முதல் பக்கமடல் (பக்கத்தில் வழியும் முதல் மேடு) 13 டெசிபெல்தான் கீழே, அதற்கப்புறமும் மெதுவாகத்தான் இறங்கும், பக்கத்துத் தடத்துக்காரனுக்கு இடைஞ்சல். தொலைக்காட்சித் தடங்களின் நடுவே காலியாகக் கிடக்கும் வெள்ளை இடத்தைப் பயன்படுத்தும் யோசனைக்கு இந்த நாட்டில் வரலாறே உண்டு, 2013-இல் கேப்டவுனில் டைகர்பெர்க் பக்கம் பத்துப் பள்ளிகளுக்கு அப்படி இணையம் கொடுத்துச் சோதித்தார்கள். அங்கே பக்கத்துத் தடத்தில் டிவி பார்ப்பவருக்குப் புள்ளி விழக்கூடாது என்பதுதான் முதல் விதி. அடுத்து இணைக்க நினைத்த இரண்டாவது கூடத்துக்கு மரங்கள் நடுவே போக, தொலைக்காட்சி ஓடும் யூஎச்எஃப் அலைவரிசை நல்லது என்பதால் இதையும் பார்த்துவிடலாம் என்று மேசைமேல், கேபிளுக்குள், காற்றில் ஒரு துளிகூட விடாமல் சோதித்தோம்.

மென்பொருள் ரேடியோவிலிருந்து நேராக ஸ்பெக்ட்ரம் அனலைசருக்குக் கொடுத்தபோது எஃப்பிஎம்சி கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கியது. ஓஎஃப்டிஎம் மணல் மேடு மாதிரி சரிந்து கிடந்தது. தம்பிக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா அண்ணா!" பார்த்தேன். அடுத்து நடுவில் ஒரு வாட் பெருக்கியைச் செருகினோம், மலிவானது, இப்படிப்பட்ட இணைப்புகளில் யாரும் போடுகிற ரகம். முழுத் திறனுக்கு ஏற்றியதும் சுவரின் இரண்டு பக்கமும் தோள்கள் முளைத்தன. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன, எது எந்த முறை என்று பெயர் எழுதி ஒட்டினால்தான் தெரியும்.

பலகேரியர் எதுவாக இருந்தாலும் இதிலிருந்து தப்பாது. நூற்றுக்கணக்கான கேரியர்கள் சில சமயம் ஒரே கட்டத்தில் கூடி உச்சம் போடும், 256 கேரியருக்கு வரக்கூடிய மிக மோசமான உச்சம் சராசரியைவிட 24 டெசிபெல் மேலே, நடைமுறையில் 10 முதல் 12 வரை கணக்கு வைப்பார்கள். உச்சத்தில் பெருக்கி வளைந்தால் அழகாக வடிகட்டிச் செதுக்கிய கசிவு மறுபடி முளைக்கும். இயக்கத்தை 10 டெசிபெல் குறைத்தோம், சுவர் திரும்பி வந்தது, வெளியே வருவது இப்போது 100 மில்லிவாட்தான், ஆனால் பெருக்கி பேட்டரியிலிருந்து இழுக்கும் ஆம்பியர் கிட்டத்தட்ட அதேதான், மிச்சமெல்லாம் வெப்பம், தொட்டால் சுட்டது. மின்வெட்டு நாளில் கோயில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். எல்டிஇ கைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதையில் அனுப்புவதற்கு முன்னால் ஒரு உருமாற்றம் கூடுதலாகப் போட்டு ஒற்றைக் கேரியர் போல ஆக்குவது இந்தக் காரணத்துக்காகத்தான், கைபேசிப் பேட்டரி பாவம்.

5ஜி வந்தபோது இந்தப் போட்டியாளர்கள் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். 2016-இல் கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு சைக்ளிக் ப்ரீஃபிக்ஸ் ஓஎஃப்டிஎம்மையே எடுத்தது, கேரியர் இடைவெளியை மட்டும் 15, 30, 60, 120 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டு போக இடம் கொடுத்தது. வடிகட்டுவதோ ஜன்னல் போடுவதோ (குறியீட்டின் ஓரங்களை மழுக்குவது) தயாரிப்பாளர் பாடு, எதிர்முனைக்குத் தெரியாமல் செய்துகொள்ளலாம். முழுப் பட்டைக்கும் ஒரு வடிகட்டி போடும் எஃப்-ஓஎஃப்டிஎம் மாதிரி வேலைகள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தன. எல்டிஇயில் 20 மெகாஹெர்ட்ஸில் 18-ஐத்தான் நிரப்ப முடிந்தது, 5ஜியில் அதே 20-இல் 19.08 நிரம்புகிறது. போட்டியாளர்கள் தோற்றதாக நான் நினைக்கவில்லை, அவர்கள் சொன்ன குறையை ஓஎஃப்டிஎம் காதில் வாங்கிக்கொண்டது.

ஓடிஎஃப்எஸ்ஸைப் பற்றியும் தம்பி கேட்டான், தாமதமும் டாப்ளரும் (ஓட்டத்தால் வரும் அலைவெண் மாற்றம்) அச்சுகளான தளத்தில் குறியீடுகளை வைக்கும் முறை, 2017-இல் ஹடானி குழு எழுதியது. ஜோகன்னஸ்பர்க்கின் கவுட்ரெய்ன் அதிகபட்சம் 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, 3.5 கிகாஹெர்ட்ஸில் அதற்கு டாப்ளர் 520 ஹெர்ட்ஸ், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2 சதவீதம்கூட இல்லை. விமானத்துக்கோ செயற்கைக்கோளுக்கோ பார்க்கலாம். கோயிலும் கூடமும் ஓடப் போவதில்லை.

குறுகிய காப்பை எடுத்தவுடனே அன்றைக்கே 64-க்யூஏஎம் திரும்பியது. அடுத்த மாதம் இன்னொரு வேலையும் செய்தோம், உண்மையில் முதலிலேயே செய்திருக்க வேண்டியது: 45 பாகை விரிவுள்ள தட்டை ஆன்டெனாக்களை இறக்கிவிட்டு 7 பாகைக் கிண்ணங்களை ஏற்றினோம். தகரச் சுவர் 22 பாகை தள்ளி இருக்கிறது, பழைய ஆன்டெனாவின் ஓரத்தில் அது நன்றாகவே உள்ளே இருந்தது, கிண்ணத்துக்கு அது கண்ணிலேயே படாது. சீப்பு மறைந்துவிட்டது. தம்பி ஆய்வேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டான், இப்போது மலிவான பெருக்கியில் பலகேரியர் முறைகள் என்ன பாடுபடுகின்றன என்பதுதான் அவன் விஷயம்.

மண்டபத்து அலுவலறையில் மின்சார பில் தொங்கும் ஆணியில் ஒரு வரைபடமும் தொங்குகிறது. நடுவழியில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 376 மீட்டரில் ஒரு நீள்வட்டம், 120 மீட்டர் எல்லை. 539 மீட்டரில் இன்னொன்று, 240 மீட்டர் எல்லை. கிடங்கு இரண்டுக்கும் நடுவில் சிவப்பு மையில். எதிர்ச் சரிவில் கட்டட வேலைக்கு மண் வெட்டுவதாகக் கேள்விப்பட்டதும் அறங்காவலர் போன வாரம் பென்சிலோடு போய் நின்று, அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அது எந்த வட்டத்துக்குள் விழுகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். சின்ன வட்டத்துக்கு உள்ளேதான், ஐயா, கட்டட்டும் என்றேன்.